மிக்சர் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது தொடங்கியது. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலைக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பைத் தாண்டி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. நூற்று முப்பது வீடுகள். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், கணினிக் கம்பெனிக்காரர்கள், எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள், பக்கத்துக் குப்பத்திலிருந்து மனை வாங்கி வீடு கட்டி வந்த நாலைந்து மீனவக் குடும்பங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு குடியிருப்போர் சங்கம். அப்போது அதன் செயலாளர் நான்.

செயலாளர் என்றதும் தேர்தலில் நின்று மாலை போட்டுக்கொண்டு வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருஷக் கூட்டத்தில், "யார் செயலாளராக இருக்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் செல்போனைப் பார்த்தார்கள், நான் மட்டும் தலைவரைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். அதையும் சேர்த்து நான்கு வருஷமும் போட்டியின்றித் தேர்வு.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கோப்பு, பதிவேடு, குறிப்பு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சங்கத்துக் கூட்ட நடவடிக்கைகளை நான் எழுதினால் ஒரு கமா குறையாது. இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதனால்தான் பிறகு மாட்டிக்கொண்டேன்.

ஆண்டுக் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். நோட்டீஸ் ஒட்டினேன், வாட்ஸ்அப்பில் போட்டேன், வீட்டுக்கு வீடு போன் செய்தேன். எல்லாரும் "கண்டிப்பா வரேன் மேடம்" என்பார்கள். ஞாயிறு பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஷீட் போட்ட கொட்டகையில் இருபது நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதாவது நாற்பத்து நான்கு பேர். வராவிட்டால் அரை மணி நேரம் தள்ளிவைத்து, அதே இடத்தில் மறுபடி கூட்டினால், இருக்கிறவர்களை வைத்தே நடத்தலாம் என்று விதியில் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த அரை மணி நேரத்தைக் காக்கை பார்த்தே கழிப்போம். என் கணவரே வர மாட்டார். "நானே வரல, ஊர்ல யார் வருவாங்க?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

இரண்டாவது வருஷம் நான் ஒரு யோசனை செய்தேன். வருகிறவர்களுக்கு ஒரு மைசூர்பாகும் ஒரு மிக்சர் பொட்டலமும் கொடுப்பது. கூட்டம் கூடவில்லை, பொட்டலம்தான் மிஞ்சியது. வாங்கினதை என்ன செய்வது? வராதவர்கள் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தோம். கொடுக்கும்போது வருகைப் பதிவேட்டையும் நீட்டினோம். அவர்களும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். கூரியர்காரரிடம் போடுவது மாதிரி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்தக் கையெழுத்துகள் தேவையே இல்லை. விதிப்படி பதினோரு பேரை வைத்து நடத்திய கூட்டமும் செல்லுபடியாகும். ஆனால் "பதினோரு பேர் கலந்துகொண்டனர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அலுவலகத்தில் தணிக்கைக்கு வருகிறவர் காலியான பக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்பாரே, அந்தப் பயம் உடம்போடு ஊறிப்போயிருந்தது. பக்கம் நிறைந்ததும் மனசும் நிறைந்தது. அதையே வழக்கமாக்கிவிட்டேன்.

இனி அந்த ஆவணி ஞாயிறுக்கு வருகிறேன். அதற்கு முந்தின மாதம் இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயிருந்தன. அன்றைக்கு வந்திருந்த பதினோரு பேரும் மேற்குத் தெருக்காரர்கள். கிழக்குப் பக்கம் சவுக்குத் தோப்புக்குத் திறக்கிற சின்ன கேட் வழியாகத்தான் திருடன் வந்திருப்பான் என்று தலைவர் சொன்னார். பூட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். அந்த கேட்டை எங்களில் யாரும் பயன்படுத்தியதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு மேற்கே பெரிய கேட்தானே வழி? இரண்டு நிமிஷத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. "கூட்டத்தில் கலந்துகொண்ட உறுப்பினர்கள் அனைவரும் ஏகமனதாக நிறைவேற்றினர்" என்று அழகாக எழுதினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்து, பதிவேட்டில் அறுபத்தெட்டு கையெழுத்துகள் விழுந்துவிட்டன.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் சத்தம். எங்களுக்கு மீன் கொண்டு வருகிற மீன்காரம்மா. அவரும் எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறார், கிழக்குக் கடைசித் தெருவில், மனை எண் எழுபத்து நான்கு. நாற்பது வயதிருக்கும். விடிவதற்கு முன்னால் சின்ன கேட் வழியாகத் தோப்பைக் கடந்து ஐந்து நிமிஷத்தில் கரைக்குப் போவார். படகுகள் வந்து மீன் ஏலம் போகும்போது நின்று எடுத்து, கூடையில் சுமந்து, அதே வழியில் திரும்பி வந்து எங்கள் வீடுகளுக்குக் கொடுப்பார். அன்றைக்குக் கூடையில் பொடி மீன்தான் இருந்தது.

"இன்னாம்மா இது, சின்ன கேட்ல பூட்டு தொங்கினுகீது? யார கேட்டு பூட்டனீங்க?"

"கூட்டத்துல தீர்மானம் போட்டிருக்கும்மா" என்றேன்.

"பெரிய கேட்ட சுத்தினு போறதுக்குள்ள ஏலமே முடிஞ்சி போவுது. நல்ல மீனெல்லாம் வண்டிக்காரன் எடுத்துனு போய்ட்றான். மூணு நாளா எனுக்கு இந்தக் குப்பதான் கெடைக்குது. அந்த கேட்ட பாத்துதாம்மா நான் இந்த மனையே வாங்கனேன்."

நான் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்தைப் புரட்டி, எழுபத்து நான்காம் எண்ணுக்கு நேரே விரலை வைத்து, "இதோ பாரு, நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியே" என்றேன். கேஸில் ஜெயித்த வக்கீல் மாதிரிதான் சொன்னேன்.

அவர் கூடையைக் கீழே இறக்கி வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து, தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது மிச்சருக்குப் போட்ட கையெழுத்தும்மா" என்றார்.

 மாட்டிக்கொள்ளும்போது விதியைப் பேசுவது அலுவலகத்துப் பழக்கம். தீர்மானத்தை மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போது சிறப்புக் கூட்டம் போட்டாக வேண்டும் என்றேன்.

"அப்ப நீயே எழுதிக் குடு. உனுக்குத்தான் எழுத வரும்."

நான் எழுதிக் கொடுத்தேன். ஏன் தெரியுமா? நான்கு வருஷமாக நான் தலைகீழாக நின்றும் கூடாத கூட்டம் இவர் கேட்டால் கூடுமா என்ற தைரியம்தான். மனசுக்குள் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இருந்தாலும் தப்பில்லாமல், வரிசைப்படி, நல்ல கோடு போட்ட தாளில் எழுதினேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தார். தாளில் அறுபத்தோரு கையெழுத்துகள் இருந்தன. ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவரை 'நீங்கள்' என்று நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகுதான் நினைத்துக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுக்கிற பத்து நிமிஷம் வீட்டுக்காரர்கள் எதிரே நிற்பார்கள் இல்லையா, அப்போது தாளை அவர்கள் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படிக்காமல் பேனாவைத் தேடினவர்களிடம், "படிச்சிட்டுப் போடு, இல்லாட்டிப் போடாத" என்றாராம். பூட்டினது சரி என்று சொன்னவர்களும் உண்டு. "அப்ப கூட்டத்துக்கு வந்து அத்த சொல்லு" என்று அவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

"மீன் வாங்காத வீட்ல?" என்றேன்.

"சோப்புப் போட்டுக் கைய நல்லா கழுவினு போனேன்" என்றார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். நூற்று முப்பது வீட்டுக்கும் எண் தெரியும் எனக்கு. எந்த வீட்டில் யார் காலையில் முதலில் எழுந்திருப்பார்கள், யாருக்கு முட்டி வலி, யார் வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள், ஒன்றும் தெரியாது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு அவர்தான் நாள் சொன்னார். "பெரட்டாசி மொத ஞாயித்துக்கெழம வைய்யி. கவுச்சி சமைக்கிற வேல இல்ல, எல்லாரும் சும்மாதான் குந்திகினு இருப்பாங்க." அப்படியே வைத்தேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருபது நாற்காலியும் நிரம்பிவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் வீட்டிலிருந்தே நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஊஞ்சல் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து செங்கல் மேல் போட்டு உட்கார்ந்தார். என் கணவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எண்ணிப் பார்த்தேன், எழுபத்து நான்கு பேர். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பழைய பதிவேட்டைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயந்தது போலவே நடந்தது. இரண்டாவது தெருவில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிற ஓர் இளைஞர், அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வராதவர், எழுந்து கேட்டார். "ஒரு டவுட் மேடம். போன மீட்டிங் ரெஜிஸ்டர்ல அறுபத்தெட்டு பேர் கையெழுத்து இருக்குன்னு சொல்றாங்க. இங்க சேர் இருபதுதான் இருக்கு. எப்படி உக்காந்தாங்க?"

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவர் வீட்டுக்கு வந்த பொட்டலத்துக்கு அவர் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

 தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் மீன்காரம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த என் நல்ல பெயர் அந்தக் கொட்டகையிலேயே போய்விடும். அவரோ என்னையே பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். "சிலர் நின்றுகொண்டிருந்தார்கள்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அப்படிக் காத்திருந்ததால் வெளியே வரவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். வந்தது பதினோரு பேர்தான், மற்ற கையெழுத்தெல்லாம் நான் வீட்டுக்கு வீடு அனுப்பி வாங்கினது, மூன்று வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஏகமனதாக என்று எழுதினதும் நான்தான், தப்பு என்னுடையது என்றேன்.  உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

முன் வரிசையில் ஓர் அம்மா, "நாங்களும்தானே மேடம் போட்டோம்" என்றார். இன்னொருவர், "எங்க வூட்ல ரெண்டு பொட்டலம் வாங்கிட்டோம்" என்றார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் கேட்டைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு என்றால் சண்டைதான். சைக்கிளைப் பறிகொடுத்தவர் கோபமாகப் பேசினார், அதில் நியாயமும் இருந்தது. மீன்காரம்மா எழுந்து, "பூட்ட வேணாம்னு சொல்லல. ராவுல பூட்டு. நாலு மணிக்குத் தொற. சாவிய எங்கிட்டயே குடு, நான் தொறக்கிறேன், பூட்றதுக்கு வேற ஆள வைய்யி" என்றார். கை தூக்கச் சொன்னோம். திறக்க வேண்டும் என்று நாற்பத்து மூன்று பேர், வேண்டாம் என்று முப்பத்தொரு பேர். "பெரும்பான்மையாக நிறைவேறியது" என்று எழுதினேன். நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியற்காலை அந்த கேட் திறக்கிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அந்த வாரம் சங்கரா மீன் வந்தது. புரட்டாசி என்று என் கணவர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தப்பை ஒப்புக்கொண்டேன், எல்லாரும் மன்னித்தார்கள் என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் அடுத்த ஆவணியில் ஆண்டுக் கூட்டம் வந்ததே. பொட்டலம் கிடையாது என்று நோட்டீஸிலேயே எழுதிவிட்டேன். சிறப்புக் கூட்டம் அளவுக்குக் கூட்டம் இல்லை. இருந்தாலும் ஐம்பத்தொன்பது பேர் வந்தார்கள், அதுவும் நாற்காலியோடு. செயலாளர் பதவிக்கு யார் என்று தலைவர் கேட்டபோது இந்தத் தடவையும் நான் அவரைப் பார்த்தேன். பின்னாலிருந்து, "நான் நிக்கிறேன் சார்" என்று ஒரு குரல். நாற்காலிக் கணக்குக் கேட்ட அந்த இளைஞர்தான்.

எங்கள் சங்கத்தில் நடந்த முதல் தேர்தல் அது. வாக்குப் பெட்டி ஏது? என் வீட்டு பிஸ்கட் டப்பாவைத்தான் கழுவிக் கொண்டு வந்து வைத்தார்கள். துண்டுச் சீட்டுகளை எண்ணினபோது அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தெட்டு.

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய மனசோடு கைகொடுத்துவிட்டு வந்தேனே தவிர, உள்ளுக்குள் எரிந்தது. நான்கு வருஷம் வெயிலில் அலைந்தவள் நான், நேற்று வந்தவரைக் கொண்டு வந்து உட்கார வைக்கிறார்களே என்று இருந்தது. என் கணவர் எனக்குத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கு மேல் நானும் கிளறவில்லை.

மறுநாள் காலை மீன்காரம்மா வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். "நான் அந்தத் தம்பிக்குத்தாம்மா போட்டேன்."

 "ஏன்?" என்றேன்.

"நீ சரியில்லன்னு இல்ல. நீயே எல்லாம் பாத்துகினு இருந்தா நாங்க வூட்லயே குந்திகினு இருப்போம். அவன் இன்னா செய்றான்னு பாக்கறதுக்காவது இனிமே எல்லாரும் வருவாங்க." மீனை எடுத்து ஆயத் தொடங்கினார். "உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல? நீதான அன்னிக்கு எயுந்து நின்னு சொன்ன."

அவர் ஆய்ந்து முடிக்கிற வரை வாசற்படியில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், அவர் மகளின் காலேஜைப் பற்றி என்று ஞாபகம்.

இப்போது ஆண்டுக் கூட்டம் என்றால் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுகிறேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தத் தம்பியின் நடவடிக்கைக் குறிப்பில் கமா விட்டதையெல்லாம் எடுத்துச் சொல்லிக் கழுத்தறுக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன். ஒருவரும் வராமல் நான்கு தடவை ஜெயித்தேன், அதில் ஒன்றும் ஜெயித்த மாதிரி எனக்கு மனசில் நிற்கவில்லை. முப்பத்தொரு பேர் வேலையை விட்டு, நாற்காலியைச் சுமந்து வந்து, நேருக்கு நேர் உட்கார்ந்து என்னைத் தோற்கடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் இந்தச் சங்கம் எனக்குச் செய்த மரியாதையாக நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.